கொப்புளத்துக்கு முந்தைய ஒரு நாள்

உதட்டோரத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பொங்கி, ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் நீர்க்கொப்புளத்தை நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் நோயாகக் கருதுவதில்லை. உடம்புச் சூடு என்பார்கள். உள்காய்ச்சல் வாய்வழியே வெளியேறுகிறது என்பார்கள். இளநீரும் மோரும் கொடுத்து விட்டுவிடுவார்கள். இதே கொப்புளம் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டால் எல்லாமே மாறிவிடுகிறது. வந்தவர் வீட்டில் வாய் திறப்பதில்லை. மருத்துவரிடம் போகக் கூசுகிறார். தன்னைத் தெரிந்தவர்கள் இல்லாத தெருவில் மருந்துக்கடை தேடி, ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுகிறார். இரண்டுக்கும் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ்தான். வகை 1, வகை 2 என அதில் நெருங்கிய உறவுள்ள இரண்டு வடிவங்கள் உண்டு. மேலே வந்தால் அலட்சியம், கீழே வந்தால் அவமானம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மனநிலை வேறானாலும் இரண்டின் விளைவும் தாமதம்தான். லேசான ஹெர்பிஸில் மருந்தும் பரிசோதனையும் முதல் ஓரிரு நாள்களுக்குள்தான் முழுப் பயன் தருகின்றன என்பதை மருத்துவச் சான்றுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அலட்சியமும் அவமானமும் விழுங்குவது அந்த நாள்களைத்தான். ஆகவே இந்த நோயைக் கையாள்வதில் மருந்தின் வீரியத்தைவிட நோயாளியின் அறிவே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நரம்பில் குடியிருக்கும் வைரஸ்

இந்த வைரஸ் எவ்வளவு பரவலானது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 சதவீதத்தினர், வகை 1 வைரஸைச் சுமக்கிறார்கள். 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம் வகை 2 இருக்கிறது. வகை 1 பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாகவும் முத்தத்தின் வழியாகவும் வந்து சேர்கிறது. வகை 2 பெரும்பாலும் பாலுறவில் தொற்றுகிறது. வாய்வழிப் பாலுறவில் வகை 1 பிறப்புறுப்புக்கும் போகலாம். தொற்றியவர்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை, அல்லது வந்தது இன்னதென்று தெரிவதில்லை. அமெரிக்கத் தேசிய உடல்நல ஆய்வின் இரத்த மாதிரிகளை வைத்து 1997இல் வெளியான கட்டுரை ஒன்று, வகை 2 இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தமக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வந்ததாகச் சொன்னார்கள் என்று கண்டது. ஒழுக்கம் கெட்ட சிலருக்கு வரும் நோய் என்ற எண்ணம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது. இது மனிதகுலத்தின் பெரும்பகுதியோடு சேர்ந்து வாழும் ஒரு தொற்று.

தோலில் புகுந்த வைரஸ் தோலிலேயே தங்கிவிடுவதில்லை. நரம்பு நுனிகளின் வழியாக உள்ளே ஏறி, நரம்பு முடிச்சுகளில் போய் அடங்கிவிடுகிறது. முகத்தில் தொற்றியது கபாலத்தின் அடிப்பகுதியில் உள்ள முகவுணர்வு நரம்பின் முடிச்சிலும், பிறப்புறுப்பில் தொற்றியது முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியை ஒட்டிய முடிச்சுகளிலும் உறங்குகிறது. அமெரிக்க நோயியல் அறிஞர் எர்னஸ்ட் குட்பாஸ்சர் 1929இலேயே இந்தக் கருத்தை முன்வைத்தார். ஸ்டீவன்ஸ், குக் ஆகிய இருவரும் 1971இல் சுண்டெலிகளின் நரம்பு முடிச்சுகளில் உறங்கும் வைரஸை மறுபடி எழுப்பிக் காட்டினார்கள். ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் கொப்புளம் வருவதற்குக் காரணம் இதுதான். விழித்தெழும் வைரஸ், தான் ஏறிப்போன நரம்பின் வழியாகவே இறங்கி வருகிறது. எவ்வளவு அடிக்கடி வரும் என்பதும் வகையையும் இடத்தையும் பொறுத்தது. பிறப்புறுப்பில் வகை 2 தொற்றியவர்களுக்கு முதல் ஆண்டில் நான்கு முறை அளவில் திரும்ப வருவது வழக்கம். அதே இடத்தில் வகை 1 தொற்றியிருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை வருவதே அதிகம். பலருக்கு அதுவும் இல்லை. இரண்டிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைகிறது. எனவே, ‘எனக்கு ஹெர்பிஸ் இருக்கிறது’ என்று மட்டும் தெரிந்துகொள்வது அரைகுறை அறிவு. எந்த வகை, எந்த இடம் என்பதும் தெரிந்தால்தான் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றி அச்சமின்றித் திட்டமிட முடியும்.

முதல் 48 மணி நேரம்

திரும்ப வரும் உதட்டுக் கொப்புளத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. உதட்டின் விளிம்பில், முன்பு வந்த அதே இடத்தில், ஒரு குறுகுறுப்பு தோன்றும். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு இழுத்துப் பிடிப்பதுபோன்ற உணர்வு. இடுப்புக்குக் கீழே வருபவர்களுக்குப் பிட்டத்திலோ தொடையிலோ சுருக்கென்று ஒரு வலி ஓடலாம். சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை இந்த முன்னறிவிப்பு நீடிக்கும். பிறகு அந்த இடம் சிவந்து தடிக்கும். அதன்மேல் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். ஓரிரு நாளில் அவை உடைந்து ஈரப்புண்ணாகும். நான்காம் நாள் அளவில் பொருக்குத் தட்டும். ஏழு முதல் பத்து நாளுக்குள் தழும்பின்றி ஆறும். வலியும் அசிங்கமும் மூன்றாம், நான்காம் நாளில்தான் உச்சத்தில் இருப்பதால், நோயின் உச்சமும் அதுவே என்று நினைக்கிறோம். வைரஸின் கணக்கு வேறு. அது பெருகுவது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். பொருக்கு கட்டும்போது உடலின் எதிர்ப்பாற்றல் போரை ஏறத்தாழ முடித்திருக்கும். கண்ணாடியில் புண் நன்றாகத் தெரிந்த பிறகு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், வைரஸ் வேலையை முடித்துக்கொண்ட பிறகே போகிறார்.

மருந்து செயல்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது ஏன் முக்கியம் என்பது விளங்கும். 1970களில் கெர்ட்ரூட் எலியன் தலைமையில் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் உருவான அசைக்ளோவிர், வைரஸ் மருந்துகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். எலியன் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதுவரை, வைரஸைக் கொல்லும் மருந்து மனித உயிரணுவையும் கொல்லும் என்ற அச்சம் இருந்தது. அசைக்ளோவிரோ வைரஸ் புகாத உயிரணுவில் ஏறத்தாழ சும்மா கிடக்கும். வைரஸ் தன் பெருக்கத்துக்காகத் தயாரிக்கும் ஒரு நொதிதான் அந்த மருந்தை முதலில் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து, புதிதாகக் கட்டப்படும் வைரஸ் டிஎன்ஏ சங்கிலியில் ஏறி உட்கார்ந்து, அதை அங்கேயே நிறுத்திவிடுகிறது. இந்த நுட்பத்திலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸ் அந்த நொதியைத் தயாரிப்பதில்லை. ஆகவே எந்த மாத்திரையும் அதை வேரோடு அழிக்காது. பெருகி முடித்துவிட்ட வைரஸின் மேலும் மருந்துக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே தாமதமாகத் தொடங்கிய மாத்திரை பெரும்பாலும் வீண்.

மருத்துவப் பரிசோதனைகளின் முடிவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. உதட்டுக் கொப்புளத்துக்குக் குறுகுறுப்பு தொடங்கியதுமே, அசைக்ளோவிரின் மாற்று வடிவமான வாலசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம் என்று ஒரே நாள் எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் ஏறத்தாழ ஒரு நாள் குறைந்தது. பிறப்புறுப்பில் திரும்ப வரும் கொப்புளத்துக்கு வாலசைக்ளோவிர் 500 மி.கி. தினம் இரண்டு வேளையாக மூன்று நாள், அல்லது அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் மூன்று வேளையாக இரண்டு நாள் போதும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் நாளே தொடங்க வேண்டும் என்பதே நிபந்தனை. முதன்முதலாக வரும் நோய் இவற்றைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால் அதற்கு 7 முதல் 10 நாள் மருந்து தேவை. அடிக்கடி வருபவர்கள் தினமும் ஒரு சிறிய அளவை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டால் வரவு 70 முதல் 80 சதவீதம் குறைகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் இவற்றில் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் அசைக்ளோவிர் களிம்போ, சீக்கிரமே தடவத் தொடங்கினாலும் நோயை அரை நாள் அளவுக்கே குறைக்கிறது.

ஒரே ஒரு நாள் குறைவதற்கு இவ்வளவு பாடா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆண்டுக்கு ஒரு முறை, வலியின்றி, சிறிதாக வந்து போகும் கொப்புளத்துக்கு மாத்திரை தேவையே இல்லை. இடத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்து, தளர்ந்த பருத்தி உடை அணிந்து, கொப்புளத்தைக் கிள்ளாமல், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வலித்தால் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டாலே போதும். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை நோயின் தொல்லையை வைத்து முடிவுசெய்ய வேண்டும். ஆனால் எந்த முடிவானாலும் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மருந்தை வேண்டாம் என்று ஒதுக்குவது வேறு, வெட்கத்தால் ஐந்தாம் நாள் வரை இழுத்தடித்துவிட்டுப் பிறகு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுவது வேறு. அரிப்புக்கும் படைக்கும் என்று நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தி, வைரஸுக்கு வழிவிடுகிறது.

தானாக ஆறும் நோயும் பெயர் வாங்கும் வைத்தியமும்

எட்டு நாளில் தானாக ஆறும் நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு: ஐந்தாம் நாள் எதைத் தடவினாலும் அது பலித்ததாகத் தெரியும். எலுமிச்சைச் சாறும், பற்பசையும், பூண்டும், ஐஸ் கட்டியும் இந்தப் பெருமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் அக்கிக்கு ‘எழுதும்’ வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். உடலின் ஒரு பக்கமாகப் பட்டையாய்க் கொப்புளம் எழும்போது, குயவரிடம் சென்று காவிக் குழம்பால் அதைச் சுற்றி எழுதச் சொல்வது பல ஊர்களில் இன்றும் உண்டு. அந்த அக்கி, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் உறவுக்கார வைரஸால், சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸால் வருவது. அதுவும் தானாக ஆறக்கூடியதே. ஆறும்போது பெயர் எழுதியவருக்குப் போகிறது. எழுதுபவரின் கனிவும், அவர் சொல்லும் பத்தியமும் நோயாளிக்கு ஆறுதல் தருவதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது, அதற்காகச் செலவாகும் நேரத்தை. அக்கிக்கு வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. முதியவர்களுக்குப் புண் ஆறிய பின்பும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிதான் அந்த நோயின் உண்மையான கொடுமை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் தாமதத்தின் விலை இதைவிடச் சிறியது. ஆனால் தாமதம் வரும் வழி ஒன்றே.

நோயைத் தூண்டும் காரணங்களைப் பற்றிய நம்பிக்கைகளையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். காய்ச்சல், வெயில், உறக்கக் குறைவு, மாதவிடாய், பல் சிகிச்சை போன்ற உள்ளூர்க் காயங்கள் ஆகியவற்றைப் பலரும் தம் அனுபவத்தில் சொல்கிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிருக்கு ஆய்வகத்திலேயே சான்று உண்டு. 1991இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், அடிக்கடி உதட்டுக் கொப்புளம் வருபவர்கள்மேல் புறஊதாக் கதிர் செலுத்தப்பட்டது. வெற்றுக் களிம்பு பூசியவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் கொப்புளம் வந்தது. வெயில் தடுப்புக் களிம்பு பூசிய யாருக்கும் வரவில்லை. ஆனால் உண்மையான வெயிலில் நடத்திய சோதனையில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. பூச்சு சில மணி நேரத்தில் அழிந்துவிடுவதும், வெயிலோடு களைப்பும் சேர்ந்துகொள்வதும் இதற்குக் காரணமாகலாம். மனஅழுத்தத்தைப் பற்றி 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்து, ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கவலையே மறுவரவோடு தொடர்புடையது, ஒரு நாள் கோபமோ சோகமோ அல்ல என்று கண்டது. இது நோயாளிகளுக்கு ஆறுதலான செய்தி. நேற்று அழுததால் இன்று வந்தது என்று தம்மையே நொந்துகொள்ளத் தேவையில்லை. கடலையையும் பாதாமையும் ஒதுக்கி லைசின் மாத்திரை விழுங்கும் பத்தியத்துக்கு, 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில் நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. தூண்டுதல்களைத் துரத்திக்கொண்டே வாழ்வதைவிட, குறுகுறுப்பைக் கண்டதும் செயல்படப் பழகுவதே உறுதியான வழி.

பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு

வாய்க்குள் வெள்ளையாய் வரும் வாய்ப்புண்ணும், உதடு சேரும் மூலையில் வரும் வெடிப்பும் பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்ல. பிறப்புறுப்பில் வலியில்லாமல், கடினமான விளிம்போடு தனியாக வரும் புண் கிரந்தியாக (சிஃபிலிஸ்) இருக்கலாம். அது பெனிசிலினுக்குக் கட்டுப்படும், கவனிக்காவிட்டால் பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். ஆகவே முதல் முறை கீழே புண் வந்தவர், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டி, கிரந்திக்கும் எச்ஐவிக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெர்பிஸை உறுதிப்படுத்தச் சிறந்த வழி, உடைந்த கொப்புளத்தின் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த நீரைப் பிசிஆர் முறையில் சோதிப்பது. எந்த வகை என்பதையும் அது சொல்லிவிடும். புதிய கொப்புளத்தில் வைரஸ் நிறைந்திருக்கும். பொருக்குத் தட்டியபின் எடுத்தால் இல்லை என்று வரக்கூடும். மருந்துக்கு இருக்கும் அதே கடிகாரம் பரிசோதனைக்கும் இருக்கிறது.

அப்படியானால் கொப்புளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் என்ன? நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையை அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இலும் 2023இலும் ஆராய்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. பரவலாகப் பயன்பட்ட இரத்தப் பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று வரும் முடிவுகளில் ஏறத்தாழ பாதி தவறாக இருக்கக்கூடும் என்பது அதன் கணிப்பு. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கர்ப்பிணிகளுக்கு ‘டார்ச்’ என்ற பெயரில் ஒரு தொகுப்புப் பரிசோதனை தேவை பார்க்காமல் எழுதப்படுவதுண்டு. அதில் ஹெர்பிஸுக்கான ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனையும் அடங்கும். ஐஜிஎம் புதிய தொற்றையும் பழைய தொற்றையும் பிரித்துக்காட்டாது, வகை 1ஐயும் 2ஐயும் குழப்பும், மறுவரவின்போதும் தலைகாட்டும். அந்த ஒரு தாளை வைத்துக் கணவனையோ மனைவியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் குடும்பங்களை எண்ணினால், தேவையற்ற பரிசோதனையை நாம் எதிர்க்க வேண்டிய காரணம் புரியும். தேவை, புண் இருக்கும்போது சரியான சோதனை. புண் இல்லாதபோது நிதானம்.

தம்பதியருக்கு இடையே

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். முதல் நாளைக் கண்டுபிடித்து மருந்து எடுத்தால் போதும் என்றால், கொப்புளமே இல்லாத நாளில் பரவும் வைரஸை என்ன செய்வது? மறுப்பு உண்மையானது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில், வகை 2 உள்ளவர்களிடமிருந்து தினமும் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அறிகுறி வரும் வரலாறு உடையவர்களிடம் ஏறத்தாழ 20 சதவீத நாள்களிலும், அறிகுறியே வராதவர்களிடம் 10 சதவீத நாள்களிலும் வைரஸ் வெளிப்பட்டது. ஆகவே கொப்புளமும் குறுகுறுப்பும் இருக்கும் நாள்களில் உறவைத் தவிர்ப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கிறது. அது மூடாத தோலிலிருந்தும் பரவலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு ஆகாது. ஒருவருக்கு மட்டும் வகை 2 இருந்த 1,484 இணையர்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ளவர் தினமும் 500 மி.கி. வாலசைக்ளோவிர் எடுத்துக்கொண்டபோது, எட்டு மாதத்தில் துணைக்குத் தொற்றியது 3.6 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாகக் குறைந்தது. மருந்து எடுக்காத நிலையிலும் எட்டு மாதத்தில் 96 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்றவில்லை என்பதையும் அந்த எண்ணில் படிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் ஓர் உரையாடலுக்குப் பிறகே சாத்தியம். தன் துணையிடம் சொல்ல முடியாதவர் மாத்திரையையும் ஒளித்தே எடுக்க வேண்டும். ஒளித்து எடுப்பவர் ஒழுங்காக எடுப்பது அரிது.

அந்த உரையாடலை நம் சமூகத்தில் கடினமாக்குவது ஒரு தவறான அனுமானம்: இப்போது கொப்புளம் வந்தால் இப்போதுதான் தொற்றியிருக்க வேண்டும் என்பது. வைரஸ் பல ஆண்டுகள் சத்தமின்றி இருந்து, முதன்முறையாக ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ மகப்பேற்றுக்குப் பிறகோ வெளிப்படலாம். திருமணமாகிப் பத்தாண்டு கழித்து மனைவிக்கு வரும் முதல் கொப்புளம் யாருடைய துரோகத்துக்கும் சாட்சி ஆகாது. அது அவருக்கோ கணவருக்கோ எப்போது வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. உதட்டுக் கொப்புளம் வரும் கணவரிடமிருந்தே வகை 1 மனைவியின் பிறப்புறுப்புக்குப் போயிருக்கவும் கூடும். இந்த நோயின்மேல் விழுந்த ஒழுக்க முத்திரை நமக்கு மட்டும் உரியதன்று. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் டைம் இதழ், கற்பு தவறியவளின் மார்பில் தைக்கப்படும் சிவப்பு எழுத்தோடு ஹெர்பிஸை ஒப்பிட்டு அட்டைக் கட்டுரையே வெளியிட்டது. அசைக்ளோவிர் அந்நாட்டில் முதன்முதலில் அனுமதி பெற்றதும் அதே 1982இல்தான். மருந்து வந்த ஆண்டிலேயே, மருந்தைத் தேடிப்போக விடாத வெட்கமும் ஊதிப் பெருக்கப்பட்டது.

லேசானது எங்கே முடிகிறது

இது லேசான நோய், பரவலான நோய் என்று சொல்லிக்கொண்டே போனால் மக்கள் அலட்சியமாகிவிட மாட்டார்களா? ஆவார்கள், பாதி மட்டும் சொன்னால். லேசான நோயின் எல்லையைச் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை. கண் அந்த எல்லைகளில் ஒன்று. கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால், அது கருவிழியில் ஹெர்பிஸாக இருக்கலாம். மருத்துவர் சாயம் இட்டுப் பார்க்கும்போது கிளை கிளையாய்ப் பிரியும் புண் தெரியும். அந்த நிலையில் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் பார்வையே போகலாம். ஒவ்வாமைத் தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்கு வைரஸ் தோல் முழுவதும் பரவலாம். எச்ஐவி, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு எந்தக் கொப்புளமும் லேசானது அன்று. காய்ச்சலோடு கடும் தலைவலி, பிதற்றல், வலிப்பு, நடத்தை மாற்றம் வந்தால் அது மூளையைத் தாக்கியதாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பச்சிளங்குழந்தையும் அப்படிப்பட்ட எல்லைதான். பிறந்த சில வாரங்களுக்குள் தொற்றினால் ஹெர்பிஸ் உயிரையே பறிக்கலாம். பேறுகாலத்தை ஒட்டி முதன்முதலாகத் தொற்று ஏற்படும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். நெடுநாளாக ஹெர்பிஸ் உள்ள தாயிடமிருந்து பரவும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஏனென்றால் அவருடைய எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கும் போகின்றன. அதனால், தனக்கோ கணவருக்கோ ஹெர்பிஸ் உண்டு என்று தெரிந்த கர்ப்பிணி, மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 36ஆம் வாரம் முதல் மாத்திரை தருவதும், வலி எடுக்கும்போது புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தையை எடுப்பதும் நிலைபெற்ற நடைமுறைகள். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு உறவினர்களுக்கு மாறுகிறது. உதட்டில் கொப்புளத்தோடு பிள்ளையைக் கொஞ்ச வருகிறவரும், அந்த உதட்டைத் தொட்ட விரலால் சேனை வைக்க முன்வருகிற பெரியவரும் அன்பினால்தான் வருகிறார்கள். ‘கொப்புளம் ஆறியதும் வந்து தூக்குங்க சித்தப்பா’ என்று சொல்ல வீட்டாருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. கேட்பவருக்கு அது மனத்தாங்கல் ஆகவும் கூடாது. சாதாரணச் சளியைப் போல இதையும் வெளிப்படையாகப் பேசும் பழக்கம் வந்தால்தான் அது நடக்கும்.

முன்கூட்டியே எழுதிய சீட்டு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை முடிவு தெளிவாகிறது. குறுகுறுப்பு ஞாயிற்றுக்கிழமை இரவில் வரும். மருத்துவரின் நேரம் செவ்வாய் மாலை கிடைக்கும். மருந்தின் பயன் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே ஒரு முறை உறுதியாகக் கண்டறியப்பட்ட நோயாளிக்கு, அடுத்த வரவுக்கான மருந்தை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்து, எப்போது தொடங்க வேண்டும், எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதல் இதையே சொல்கிறது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் அடங்கிய சிவப்புப் பெட்டி அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் இலவசமாகத் தரப்படுகிறது. மருந்து நம்மிடம் இல்லை என்பதல்ல குறை. அது சரியான நாளில் சரியானவரின் கையில் இல்லை என்பதே குறை.

சீட்டில்லாமலே மருந்து விற்கும் நாட்டில் இது சுயமருத்துவத்தை வளர்க்காதா, மருந்துக்கு அடங்காத வைரஸை உருவாக்காதா என்று கேட்கலாம். மருத்துவர் ஒரு முறை பார்த்து உறுதிசெய்த நோயை அவர் சொன்ன அளவில் சொன்ன நாளில் தொடங்குவதும், பார்க்காத புண்ணுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைத் தடவுவதும் ஒன்றல்ல. முன்னது பின்னதை ஒழிக்கும் வழி. அசைக்ளோவிருக்கு அடங்காத வைரஸ், எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ளவர்களிடம் நாற்பதாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது; எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம்தான் அது கவலைக்குரியது. தடுப்பூசி வரும்வரை காத்திருக்கலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த தடுப்பூசி வகை 2ஐத் தடுக்கவில்லை என்று 2012இல் தெரிந்தது. முயற்சிகள் தொடர்கின்றன, ஆனால் கையிலிருக்கும் மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்த அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி தன் உடலின் முன்னறிவிப்பை அறிந்திருக்க வேண்டும். மருத்துவர் குற்றம் விசாரிக்கும் குரலை விட்டுவிட்டு அடுத்த வரவுக்கான சீட்டை எழுத வேண்டும். குடும்பம் கொப்புளத்திலிருந்து ஒழுக்கத்தைக் கணக்கிடுவதை நிறுத்த வேண்டும். மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. இவை நடந்தால், இன்று வெட்கமும் அலட்சியமும் தின்றுவிடும் அந்த முதல் நாள் நோயாளிக்கே கிடைத்துவிடும். லேசான இந்த நோய் லேசானதாகவே இருக்கும்.